கூரையோடு நின்றுபோன வீட்டை முடித்துக் கொடுக்க: சபைக் குழுக்களுக்கான கேள்வி பதில்

கோடை விடுமுறையில் பல சபைகளின் இளைஞர்கள் கிராமங்களுக்குப் போய், காங்கிரீட் போட்டதோடு நின்றுபோன சிறு வீடுகளை முடித்துக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அரசுத் திட்ட வீடுகள். பூச்சு, தரை, வெள்ளையடிப்பு இவைதான் மிச்சம் இருக்கும். குழுக்கள் கேட்டவற்றுக்குக் கட்டட மேற்பார்வையாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

அண்ணாச்சி, 20 பேர் ஆறு நாளுக்குப் போகிறோம். எத்தனை வீட்டை முடிக்கலாம்? (இளைஞர் சங்கச் செயலர், திருநெல்வேலி)

பூச்சு வேலை என்றால் ஒரே ஒரு வீடு, தம்பி. 20-க்கு 15 அடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுற்று 70 அடி, உயரம் 10 அடி, ஆக வெளிப்பூச்சு 700 சதுர அடி. உள்ளே நடுச்சுவரின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து, கதவு ஜன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 900. சீலிங் 270. கூட்டினால் 1,900 சதுர அடியை நெருங்கும். நல்ல கொத்தனார் நாளொன்றுக்கு 100 சதுர அடி பூசுவார். அப்படியானால் 19 ஆள்கூலி. நாலு கொத்தனார் ஐந்து நாள் பூச வேண்டும். அதற்கு மேல் ஆள் போட்டால் அந்தச் சின்ன வீட்டுக்குள் சாரம் கட்டவே இடம் இருக்காது.

நீங்கள் 20 பேர் போனாலும் 40 பேர் போனாலும் வேகம் கொத்தனார் கரண்டியில்தான் இருக்கிறது. ஆறேழு பேர் இங்கே மணல் சலிக்க, சாந்து எடுத்துக் கொடுக்க, தண்ணீர் அடிக்க இருந்தால் போதும். மீதிப் பேர் பக்கத்து வீட்டில் தரைக்கு மண் நிரப்பட்டும். மூன்று வீடு என்று ஊரில் சொல்லிவிட்டு மூன்றையும் அரைகுறையாக விட்டு வராதீர்கள். ஏற்கெனவே பாதியில் நின்ற வீடு அது.

சிமெண்ட், மணல் எவ்வளவு வாங்க வேண்டும்?

ஒன்றுக்கு ஐந்து கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து பங்கு மணல்) 12 மில்லிமீட்டர் கனத்துக்கு, 100 சதுர அடிக்கு முக்கால் மூட்டைக்குச் சற்றே கூடுதலாக சிமெண்டும் ஐந்தேகால் கன அடி மணலும் பிடிக்கும். வெளிச்சுவர் கனம் கூடும், தரையில் சிந்துவதும் இருக்கும். மேலே சொன்ன வீட்டுக்கு 18 மூட்டை, ஒன்றேகால் யூனிட் மணல் என்று வையுங்கள். ஒரு யூனிட் 100 கன அடி.

இரண்டும் கல்லை உடைத்துச் செய்கிற மணல்தான். பூச்சுக்குக் கேட்க வேண்டியது நைசான பி-சாண்ட். சற்றுப் பருமனான எம்-சாண்ட் காங்கிரீட்டுக்கானது. அதை வைத்துப் பூசினால் சுவர் சொரசொரப்பாக நிற்கும். கடலோர ஊர்களில் "பக்கத்திலேயே மணல் இருக்கிறதே" என்பார்கள், கேட்காதீர்கள். கடல் மணலில் உள்ள உப்பு சுவரில் பூத்துக்கொண்டே இருக்கும், கம்பியையும் துருப்பிடிக்க வைக்கும். கலக்குகிற தண்ணீரும் கரிக்கக் கூடாது.

ஐந்து நாளில் பூசி, ஆறாம் நாள் பெயின்ட் அடித்து, பிரதிஷ்டை ஜெபத்தோடு திரும்பலாம் என்று சபையில் திட்டம். சரிதானே ஐயா? (ஆயர் ஒருவர், தஞ்சாவூர் வட்டாரம்)

சரியில்லை ஐயா. நல்ல மனதோடு போகிற குழுக்கள் அதிகமாகத் தவறுவது இந்த ஒரு இடத்தில்தான். புதுப் பூச்சுக்குள் ஈரமும் காரமும் இருக்கும். அதன்மேல் பெயின்டைப் பூசி அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கிளம்பும், காரம் நிறத்தைத் தின்னும், மழைக்காலம் வரும்போது தோல் உரிவதுபோல் உரியும். மறுபடி சுரண்டி அடிக்கிற செலவு அந்த வீட்டுக்காரர் தலையில் விழும். பூசி முடித்து 28 நாள் கழித்துத்தான் பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு.

ஆகவே பயணத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். முதல் பயணம் பூச்சுக்கும் தரைக்கும். நாலைந்து வாரம் கழித்து, ஒரு சனி ஞாயிறில் எட்டுப் பேர் போய் வண்ணம் அடிக்கலாம். பிரதிஷ்டையும் அப்போதே நடக்கட்டும். மறுபடி போகவே முடியாது என்றால் சுண்ணாம்பு அடியுங்கள். அது ஈரத்தை அடைக்காது, சுவர் மூச்சு விடும்.

இடையில் தண்ணீர் விடுவது யார் என்பதையும் கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள். பூசிய மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள், மூன்று வேளையும் சுவர் நனைய வேண்டும். கடைசி நாள் பூசிய சுவருக்கு நீங்கள் ஊர் திரும்பிய பிறகு ஒரு வாரம் பாக்கி இருக்கிறது. மே மாத வெயிலில் அந்த வாரம் தவறினால் பூச்சு பொடியாகும், நகத்தால் சுரண்டினாலே மணல் கொட்டும். 200 லிட்டர் டிரம் ஒன்று, நீளமான ஹோஸ் ஒன்று வாங்கி வீட்டுக்காரரிடம் கொடுங்கள். வீட்டில் வயதானவர்கள் மட்டும் என்றால் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கூலி பேசிவிட்டு வாருங்கள்.

போன வருடம் பூசிய வீட்டில் லிண்டலுக்கு (கதவு ஜன்னலின் தலைமேல் வரும் காங்கிரீட் பட்டை) மேல் நேர்கோடாக விரிசல். சுவர் முழுக்க மயிரிழை விரிசலும் இருக்கிறது. ஏன் அண்ணே?

இரண்டுக்கும் காரணம் வேறு. நேர்கோடு வருவது காங்கிரீட்டும் செங்கல்லும் சேருகிற இடம். வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. பூசும் முன் அந்தச் சேர்மானத்தில் ஓரடி அகலக் கோழிவலையை இரண்டு பக்கமும் அரையடி ஏறும்படி ஆணி அடித்துவிட வேண்டும். மின்குழாய்க்குக் காடி வெட்டிய இடத்திலும் வலை வையுங்கள்.

மயிரிழை விரிசலுக்குக் காரணம் சிமெண்டும் தண்ணீரும் கூடியது, அல்லது காய்ந்த சுவரில் பூசியது. செங்கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும். முந்தின நாள் மாலையும் பூசுவதற்கு முன்பும் சுவரை நனையுங்கள். "கூட ஒரு சட்டி சிமெண்ட் போட்டால் பலமாக இருக்குமே" என்று பிள்ளைகள் அன்பினால் போடுவார்கள். அதுதான் வெடிக்கும். கலந்த சாந்தை அரை மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். இறுகிய சாந்தில் தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் பிடிப்பு போய்விடும்.

தரை வேலையை நாங்களே செய்யலாமா?

பெரும்பகுதி செய்யலாம். மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திம்சுக் கட்டையால் இடியுங்கள். மொத்தமாக நிரப்பி மேலே மட்டும் இடித்தால் ஒரு மழைக்கு உள்வாங்கி டைல்ஸ் பிளக்கும். அதன்மேல் ஒன்று நாலு எட்டுக் கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி), ஒன்றரை இஞ்ச் ஜல்லியோடு நாலு அங்குல காங்கிரீட். மட்டம் பிடிப்பதைக் கொத்தனாரிடம் விடுங்கள். முக்கியமாகக் குளியலறைத் தரையின் வாட்டம், அதாவது சரிவு. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி அது ஓடையைத் தேடிப் போகிறதா என்று காய்வதற்குமுன் பார்த்துவிட வேண்டும்.

வெளிச்சுவர் பூசாமல் விட்டால் பணம் மிச்சமாகும் என்று ஒரு அக்கா சொன்னார்கள். விடலாமா?

செங்கல்லைப் பொறுத்தது. கேரளத்தில் குவேக்கர் சபையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வெளியே பூசாத செங்கல் வீடுகளை ஏராளமாகக் கட்டினார், அவை நிற்கின்றன. ஆனால் அவை பூசாமல் விடுவதற்கென்றே வரிசையும் இடுக்கும் பார்த்துக் கட்டியவை. உங்கள் வீட்டில் நன்றாகச் சுட்ட செங்கல் இருந்தால், இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி ஒன்றுக்கு மூன்று சாந்தால் பாயிண்டிங் செய்து விடலாம். ஹாலோ பிளாக் சுவர் என்றால் கட்டாயம் பூசுங்கள். வடகிழக்கு மழை அடிக்கும் பக்கத்தில் தண்ணீர் உள்ளே இறங்கும்.

15, 16 வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள். என்ன வேலை கொடுக்கலாம்?

மணல் சலிப்பு, சுவர் நனைப்பு, கீழ்மட்டத்தில் பிரைமர். சாரத்தில் 18 வயதுக்குக் கீழ் யாரும் ஏறக் கூடாது. இரண்டு டிரம்மின் மேல் பலகை போட்டு ஏறுவதை யாருக்குமே அனுமதிக்காதீர்கள். சுண்ணாம்பு நீற்றுவது பெரியவர்கள் வேலை. அது கொதிக்கும், தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரால் கழுவி, உடனே ஆஸ்பத்திரி.

நாங்கள் போனால் உள்ளூர் சித்தாள் பெண்களின் கூலி போகாதா? (மாதர் சங்க உறுப்பினர்)

போகும். இதைக் கேட்டதற்கு நன்றி அம்மா. கொத்தனாரை அந்த ஊரிலேயே பிடியுங்கள், அவரோடு வழக்கமாக வருகிற சித்தாளையும் முழுக் கூலிக்கு அழையுங்கள். கலவைப் பதம் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். பிள்ளைகள் அவரிடம் கற்றுக்கொள்ளட்டும்.

வீட்டுக்காரர் நம் சபையார் இல்லை. சுவரில் சபைப் பெயர் எழுதலாமா, ஜெபம் செய்யலாமா?

பெயர் எழுத வேண்டாம். அரசுத் திட்ட வீடானால் திட்டப் பெயரும் எழுத வேண்டியிருக்கும், கடைசித் தவணைக்குப் படமும் எடுப்பார்கள். ஒன்றிய ஓவர்சியரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டே வேலை தொடங்குங்கள். ஜெபம், அவர்கள் கேட்டால் செய்யுங்கள். கேட்காவிட்டால் தங்குமிடத்தில் செய்யுங்கள். வேலைக்கு விலையாக அதை வைக்கக் கூடாது.

கருவிகள் கொண்டு போகவா?

கரண்டி, மணியாசுக் கட்டை, ரசமட்டம் எல்லாம் கொத்தனாரிடம் இருக்கும். நீங்கள் சல்லடை இரண்டு, சாந்துச் சட்டி பத்து, கலவை போட இரும்புத் தகடு ஒன்று, ரப்பர் கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். வெறுங்கையால் சாந்து தொட்டால் இரண்டாம் நாளே விரல் வெந்துவிடும்.