அனுபவமில்லாத மேனேஜர்கள் இத்தனை பேர் ஏன்? கீழே வேலை செய்கிறவர்கள் என்ன செய்வது?

பெரிய கம்பெனியில் வேலை செய்கிறீர்கள், எங்கு திரும்பினாலும் ஒரு மேனேஜர் நிற்கிறார், ஒருவருக்கும் வேலை தெரியவில்லை, எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பல வருடமாக இருக்கிறேன். நாடு முழுக்கக் கிளை உள்ள கம்பெனி. பெயர் வேண்டாம்.

வயதைக் குறை சொல்ல மாட்டேன். என் மகன் வயதுப் பையன் மேனேஜராக வந்தாலும் 'சார்' என்று கூப்பிடுவதில் எனக்குச் சங்கடம் கிடையாது. வருகிறவர்கள் கற்றுக்கொள்ளும் வரை இருப்பதில்லை, அதுதான் எரிச்சல். வந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆனால் மாற்றல். தான் போட்ட உத்தரவு என்ன ஆனது என்று பார்ப்பதற்குள் ஆள் வேறு ஊரில் இருப்பார்.

எங்கள் யார்டில் ஒரு மூலை தாழ்வு. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும். அதனால் காலிப் பெட்டிகளை மட்டும் அங்கே அடுக்குவது பழைய ஆட்களின் வழக்கம். ஒரு பிப்ரவரியில் புதிதாக வந்தவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த மூலை கேட்டுக்குப் பக்கம், லோடு பெட்டியை அங்கே வைத்தால் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டி ஓடும் தூரம் குறையும், டீசல் மிச்சம். கணக்கில் தப்பே இல்லை. ஆபரேட்டர், "சார், அங்க தண்ணி நிக்கும் சார், லோடு வாணாம்" என்றார். "அண்ணா, டேட்டா என்ன சொல்லுதுன்னு பாருங்க" என்று பதில் வந்தது. ஆறேழு மாதம் டீசல் உண்மையிலேயே மிச்சமானது. அதைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு அவர் மேற்குக் கடற்கரைக் கிளைக்குப் போய்விட்டார். நவம்பரில் மழை வந்தது. மிக்ஜாம் அடித்த 2023 இல்லை, சாதாரண மழை வருடம்தான். கீழ் வரிசைப் பெட்டிகளுக்குள் தண்ணீர் போனது. சரக்குக்குச் சொந்தமான பார்ட்டிகள் சண்டைக்கு வந்தபோது பதில் சொன்னது அவருக்கு அடுத்து வந்தவர். அவருக்கோ அந்த மூலையின் கதையே தெரியாது.

ஆக, முதல் ஆள் இன்றைக்கும் தன் யோசனை ஜெயித்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு எப்படி அனுபவம் வரும்? இப்படி ஆட்களை நகர்த்திக்கொண்டே இருந்தால் பத்து வருடம் மேனேஜராக இருந்தாலும் அவர் புது ஆள்தான்.

இன்னொரு கூத்து, டர்ன்அரவுண்ட் நேரம். வண்டி கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே போகும் வரை கணக்கு. அதைக் குறைக்க ஒருவர் கண்டுபிடித்த வழி, ட்ரெய்லர்களை உள்ளேயே விடாமல் ரோட்டில் நிறுத்துவது! ரிப்போர்ட் பிரமாதம். டிரைவர்கள் வெயிலில்.

ஏன் இத்தனை மேனேஜர்கள் என்றால், சம்பளம் கூட்டிக் கொடுப்பதைவிடப் பட்டம் கொடுப்பது மலிவு. அதில் சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. 1947 தொழில் தகராறு சட்டத்தில் நிர்வாகப் பணியில் இருப்பவர் 'தொழிலாளி' கணக்கில் வரவில்லை, அதனால் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் தந்த பாதுகாப்பும் அவருக்கு இல்லை. மேற்பார்வை வேலை என்றால் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவரும் வரவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இதே கதைதான், வரம்பு மட்டும் 18,000. உங்களுக்கே 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்று கடிதம் நீட்டினால், சம்பளம் எவ்வளவு ஏறுகிறது, வேலை என்ன மாறுகிறது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒருவர் உண்மையில் செய்யும் வேலையைத்தான் கோர்ட் பார்க்கும், பட்டத்தை மட்டும் அல்ல. ஆனால் கோர்ட் வரை போக யாருக்கு நேரம்? 1918இலேயே பெரம்பூர் மில் தொழிலாளர்களைச் சேர்த்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய பகுதி இது. இன்று எங்கள் யார்டில் சங்கத்தில் சேரலாம் என்று சொல்லக்கூடிய ஆட்களைவிடப் பட்டம் உள்ளவர்கள் அதிகம்.

சரி, என்ன செய்யலாம். வாயால் வரும் உத்தரவை, "சார், நீங்கள் சொன்னபடி லோடு பெட்டிகளைத் தாழ்வான மூலைக்கு மாற்றுகிறோம், மழையில் தண்ணீர் நிற்கும் இடம்" என்று ஒரு வரி மெயிலில் போட்டுவிடுங்கள். சண்டைத் தொனி வேண்டாம், தகவலாகவே இருக்கட்டும். பாதிப் பேர் அந்த மெயிலைப் பார்த்ததும் இன்னொரு முறை யோசிப்பார்கள். அப்புறம், புதிதாக வருகிறவரை முதல் வாரத்திலேயே ஒரு நைட் ஷிஃப்ட்டுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். அடியில் உள்ள ஒரு பெட்டியை எடுக்க மேலே உள்ள மூன்றை இறக்குவதை நேரில் பார்த்தவர் அதன் பிறகு கேட்கும் கேள்விகளே வேறு. கூப்பிட்டும் வராதவரிடம் அதிகம் பேச மாட்டேன், மெயில் மட்டும்தான்.

வேலையை விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்காக மட்டும் என்றால் வேண்டாம். மாதவரத்தில் ஒரு யார்டுக்கு மாறிய நண்பரிடம் விசாரித்தேன், அங்கே இரண்டு மேனேஜர் கூடுதலாம்.