சிக்னல் போன பிறகு டாக்டர் எப்படி வருவார்?

கேள்வி: டாக்டர், நான் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸ். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் முதலில் போவது கரண்டும் செல்போன் சிக்னலும்தான். அந்த நேரத்தில் டெலிமெடிசின், அதாவது தொலைவில் இருக்கும் டாக்டரிடம் போன், வீடியோ வழியாக ஆலோசனை கேட்பது, கைகொடுக்கும் என்கிறார்களே, நடக்கிற காரியமா?

பதில்: நடக்கும். ஆனால் பேரிடர் வந்த அன்றைக்குத் தொடங்கினால் நடக்காது.

1988 டிசம்பரில் ஆர்மீனியாவை நிலநடுக்கம் உலுக்கியது. 25,000 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். நாசா முன்வந்து, அங்கிருந்த டாக்டர்களைச் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவின் நான்கு மருத்துவ மையங்களோடு இணைத்தது. 'ஸ்பேஸ்பிரிட்ஜ்' என்று பெயர். அந்த இணைப்பு வேலை செய்யத் தொடங்கியது 1989 மே மாதம்! இடிபாடுகளில் சிக்கியவர்களுக்கு அது எவ்வளவு தாமதம் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்த ஜூனில் ரஷ்யாவின் யூஃபா அருகே எரிவாயு வெடித்து ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் தீக்காயம் பட்டபோது, அதே இணைப்பை அங்கும் நீட்டிக்க முடிந்தது. பேச வேண்டியவர்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள் அல்லவா!

வீடியோ வேண்டும் என்பதும் இல்லை. நான் தொலைவில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லும் பக்கத்தில் பல ஆண்டுகள் இருந்தவன். ஒருமுறை கட்டடம் இடிந்த இடத்திலிருந்து ஒரு நர்ஸ் அழைத்தார். வெறும் குரல்தான், அதுவும் மூன்று முறை அறுந்தது. ஒருவருடைய இரண்டு கால்களும் பல மணி நேரமாக ஸ்லாபுக்கு அடியில். "நன்றாகப் பேசுகிறார் டாக்டர், இப்போது தூக்கிவிடப் போகிறார்கள்" என்றார். "அவருடைய கை உங்களுக்கு எட்டுகிறதா? முதலில் ட்ரிப்ஸ் போடுங்கள்" என்றேன்.

நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் கசிந்து அங்கேயே தேங்கி நிற்கும். பாரத்தை நீக்கியதும் அத்தனையும் ரத்தத்தில் கலக்கும். பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும், மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைத்துவிடும். அதனால்தான் ஆள் வெளியே வருவதற்கு முன்பே, பெரியவர்களுக்கு மணிக்குச் சுமார் 1 லிட்டர் கணக்கில் நார்மல் சலைன் என்ற உப்புநீர் ட்ரிப்ஸ் ஏற்றத் தொடங்குகிறோம். ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு வகை ட்ரிப்ஸ் வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது. நரம்பு கிடைக்கவில்லை என்பதற்காக மீட்பை நிறுத்தவும் கூடாது. வெளியே எடுத்த உடனே ஏற்ற வேண்டியதுதான்.

நாற்பது நிமிடம் கழித்து எனக்கு ஒரு போட்டோ வந்து சேர்ந்தது. சிறுநீர்ப் பை; நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்திருந்தார். பால் விடாத தேநீரின் நிறம். மயோகுளோபின் சிறுநீரகத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி. அதைப் பார்த்துத்தான், அன்று கிடைத்த ஒரே வண்டியில் இவரை டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு அனுப்பச் சொன்னேன். எலும்பு முறிவோடு இருந்த இன்னொருவர் அங்கேயே காத்திருக்கலாம் என்றும் சொல்ல முடிந்தது. யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்ற இந்த முடிவுக்குத்தான் தொலைவில் இருக்கும் டாக்டர் அதிகம் பயன்படுகிறார்.

அந்த நர்ஸ் வேறு யாரும் இல்லை. அதற்கு முன் ஓராண்டாக, செவ்வாய்க்கிழமை தோறும் சர்க்கரை நோயாளிகளுக்காக என்னிடம் பேசிக்கொண்டிருந்தவர். என் நம்பர் அவருக்கு மனப்பாடம். அவர் குரல் பதறினால் எனக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் மருத்துவமனையில் இதைக் கேளுங்கள்: வாரம் ஒருமுறையாவது பெரிய மருத்துவமனையோடு பேசுகிறோமா? நம்பர்கள் தாளில் இருக்கின்றனவா? சாட்டிலைட் போனோ வயர்லெஸ்ஸோ இருந்தால், அதை நைட் ஷிப்டில் இருப்பவருக்கு இயக்கத் தெரியுமா? எல்லை தாண்டி இருக்கும் டாக்டர் சொன்னதை வைத்து மருந்து கொடுக்க அனுமதி உண்டா? இதையெல்லாம் இப்போதே எழுதி வாங்கிவிட வேண்டும். அப்புறம், ஒரு நாள் வைஃபையை அணைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள். அழைப்பு போகாத இடத்தில்கூட எஸ்எம்எஸ் பல நேரம் போய்விடும். வயது, பிரச்சினை, நாடித்துடிப்பு, பிரஷர், கேள்வி என்று ஐந்தையும் ஒரே செய்தியில் அடக்கப் பழகுங்கள்.

கேள்வி: நிவாரண முகாமில் இருந்து போனில் டாக்டரிடம் பேசினால் எதைச் சொல்ல வேண்டும்? அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறோம்.

பதில்: மருந்து அட்டைகளையும் கடைசி ரிப்போர்ட்டையும் இன்றைக்கே போட்டோ எடுத்து, உங்கள் போனில் மட்டுமல்லாமல் இன்னொருவர் போனிலும் வையுங்கள். "வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று" என்று சொன்னால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கைகால் விழுதல் என்றால் போனில் நேரம் கழிக்காமல் முகாமில் இருக்கும் மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லை என்று இன்சுலினைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் வைக்கலாம். வெளியே எடுத்த தேதியைப் பாட்டிலின் மேல் எழுதிவிடுங்கள்.