550 கிராம் குறைந்தால் கோத்தகிரி எவ்வளவு கிட்டே வரும்?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எடை 78 கிலோ. அலுமினிய ரோடு சைக்கிள், ரிம் பிரேக். வண்டியோடு வந்த சக்கரங்கள் ஜோடி 1,950 கிராம். நண்பர் தன்னுடைய கார்பன் கிளிஞ்சர் (டியூப் வைத்த சாதாரண டயர் மாட்டும் வகை) சக்கரங்களை 48,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். ஜோடி 1,400 கிராம். முன்னால் 20 ஸ்போக், பின்னால் 24. மாதம் இரண்டு ஞாயிறு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி, அதே வழியில் இறங்குவேன். ஏற எனக்கு இரண்டேகால் மணி நேரம். மற்ற நாளெல்லாம் பாலக்காடு ரோடு. வாங்கலாமுங்களா? நம்ம ரோட்டுக்குத் தாங்குமா?”

இந்த ஜோடியை வாங்காதீர்கள். இலகு சக்கரம் மேல் உங்களுக்கு இருக்கும் ஆசையில் தப்பே கிடையாது, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கார்பன் ரிம் (சக்கரத்தின் வெளிவளையம்), அந்த வளையத்தையே கட்டை கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக், கோத்தகிரி இறக்கம் மூன்றும் ஒன்றாகச் சேரக் கூடாது.

முதலில் ஏற்றக் கணக்கு. நீங்கள் 78 கிலோ, வண்டி 9, தண்ணீர், ஷூ, ஹெல்மெட் எல்லாம் 3 என்று வையுங்கள். மொத்தம் 90 கிலோ. அதில் இரண்டு ஜோடிக்கும் உள்ள வித்தியாசமான 550 கிராம் என்பது 0.6 சதவீதம். மலை ஏறும்போது உங்கள் உழைப்பில் பெரும்பகுதி எடையைத் தூக்குவதற்கே போகிறது. அதனால் நேரமும் கிட்டத்தட்ட அதே அளவுதான் குறையும். இரண்டேகால் மணி நேரத்தில் முக்கால் நிமிடம். குஞ்சப்பனையில் நின்று ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் அது போய்விடும்.

“சுழலும் எடை இரட்டிப்பாகக் கணக்காகும்” என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் வேகம் கூடும்போது மட்டும். ரிம்மில் 350 கிராம் குறைந்தால், வேகம் எடுக்கும் அந்தச் சில நொடிகளுக்கு 700 கிராம் குறைந்த மாதிரி. ஒரே வேகத்தில் மிதித்து ஏறும்போது ரிம்மில் இருக்கும் 350 கிராமும் பாட்டிலில் இருக்கும் 350 கிராமும் ஒன்றே. அப்படியானால் இலகு சக்கரத்தில் என்னதான் இருக்கிறது? எழுந்து நின்று மிதிக்கும்போது வண்டி கையில் லேசாக ஆடிக் கொடுக்கிறது, சிக்னலில் சட்டென்று கிளம்புகிறது, வளைவில் சொன்ன பேச்சு கேட்கிறது. அந்தச் சுகத்துக்குக் காசு கொடுக்கலாம். நேரத்துக்காகக் கொடுப்பதாக நினைத்தால் ஏமாந்து போவீர்கள்.

இப்போது இறக்கம். மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,450 மீட்டர். 90 கிலோ அவ்வளவு உயரம் இறங்கும்போது ஏறக்குறைய 13 லட்சம் ஜூல் ஆற்றல் வெளியே போயாக வேண்டும். பாதியைக் காற்று வாங்கிக்கொண்டாலும் மீதிப் பாதி பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் சூடாக மாறுகிறது. இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. அலுமினியம் அந்தச் சூட்டை ரிம் முழுக்கப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் ரிம்மில் நார்களைப் பிடித்து வைத்திருப்பது பிசின். அது சூட்டை எளிதில் கடத்தாது. பிரேக் பிடிக்கும் இடத்திலேயே சூடு தங்கி, ஓர் அளவுக்கு மேல் பிசின் இளகிவிடும். உள்ளே டயரின் காற்றழுத்தம் ரிம்மின் ஓரச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இளகிய சுவர் புடைத்துக்கொள்ளும்.

எனக்கே நடந்தது. கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது முன்னால் ஒரு பேருந்து. முந்த வழியில்லை, அதன் பின்னாலேயே பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். அரவேணு தாண்டியதும் லீவரில் ஒரு துடிப்பு. சக்கரம் ஒரு சுற்று வர ஒரு ‘டக்’. தார் காய்ச்சுகிற மாதிரி ஒரு வாடை. ஓரம் கட்டி முன் ரிம்மில் விரலை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். ஆறிய பிறகு தடவிப் பார்த்தால் ஓரத்தில் தீக்கொப்புளம் போல ஒரு புடைப்பு, கட்டைவிரல் அகலம். டயர் வெடிக்காதது என் நல்ல நேரம். மிச்ச மலையை வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன். நல்ல கார்பன் ரிம்கள் இப்போது அன்றைக்கு விட மேல். ஆனாலும் யாரோ இரண்டு மூன்று வருடம் ஓட்டிய ரிம் எத்தனை முறை இப்படிச் சூடானது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால் இந்தப் பேச்சே இல்லை, சூடு ரிம்முக்கு வராது.

தாங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். குழியில் விழுந்தால் உடையுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் ஸ்போக் கம்பியைப் பார்ப்பேன். சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் இடத்து ஸ்போக் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் தளர்ந்து, மறுபடி இறுகுகிறது. இழுவிசை குறைவாக இருந்தால் இந்தத் தளர்வு அதிகமாகி, ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பக்கம் வளையும் இடத்தில் கம்பி சோர்ந்து அறுந்துவிடும். 24 கம்பியில் ஒன்று அறுந்தால் சக்கரம் பிரேக்கில் உரசும் அளவுக்குக் கோணிக்கொள்ளும். 28 இருந்தால் பெரும்பாலும் பிரேக்கைத் தளர்த்திவிட்டு வீடு வரலாம். தயாரிப்பாளர் தனக்கென்று செய்த கம்பியாக இருந்தால் ஒன்றே ஒன்றுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆகவே நான் சொல்வது இது. 450 கிராம் அளவிலான நல்ல அலுமினிய ரிம் இரண்டு, சாதாரண வளைகழுத்து ஸ்போக் முன்னால் 24, பின்னால் 28, பித்தளை நிப்பிள் (கம்பியை ரிம்மில் இறுக்கும் திருகு), பேரிங் எளிதில் கிடைக்கும் ஹப். கை தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். ஜோடி ஏறக்குறைய 1,550 கிராமில் நிற்கும். கார்பனை விட 150 கிராம் கூடுதல்; ஒரு டம்ளர் தண்ணீர். மலையில் பத்துப் பதினைந்து நொடி. மழையிலும் பிரேக் பிடிக்கும்.

மிச்சப்படும் பணத்தில் டயர் வாங்குங்கள். வண்டியோடு வந்த கெட்டி டயரை எடுத்துவிட்டு நல்ல மெல்லிய ரேஸ் டயர் போட்டால் தெரியும் வித்தியாசம், எந்த ரிம் மாற்றத்திலும் தெரியாது. ஃபிரேமில் இடமிருந்தால் 28 மி.மீ. போடுங்கள், உங்கள் எடைக்குப் பின்னால் 75 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், முன்னால் ஓர் ஐந்து குறைவாக. சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப் 100 கிராமுக்கு மேல், டி.பி.யு. என்ற மெல்லிய பிளாஸ்டிக் டியூப் 40 கிராம்தான். ஆனால் ரிம் பிரேக்குக்கு ஏற்றது என்று உறையில் போட்டிருக்கிறதா பாருங்கள். சில வகைகள் டிஸ்க்குக்கு மட்டும்.

பாலக்காடு ரோடு ஓட்டுகிறீர்கள் என்பதால் ஒன்று: 50 மி.மீ. உயர ரிம்மை யாராவது காட்டினால் முன் சக்கரத்துக்கு வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில் கணவாய்க் காற்று வாளையாறு பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரி கடந்த மறுநொடி அந்த ரிம் ஹேண்டில்பாரைப் பிடுங்கும்.

புதுச் சக்கரம் வந்தபின் முதல் 300 கிலோமீட்டரில் கம்பிகள் கொஞ்சம் அமரும். ஒருமுறை திரும்பக் கொண்டுபோய்க் கோட்டம் எடுத்து, இழுவிசை சரிபார்த்து வாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை, ஒரே பக்கத்துக் கம்பிகளை வரிசையாக நகத்தால் மீட்டிக் கேளுங்கள். எல்லாம் ஒரே சுருதியில் பேச வேண்டும். ஒன்று மட்டும் தொளதொளவென்று கேட்டால் அன்றைக்கே கடைக்குப் போங்கள். இறக்கத்தில் வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். தொட்டும் தொடாமலும் தேய்த்துக்கொண்டே வருவதுதான் ரிம்மைச் சுடவைக்கிறது. மழையில் இறங்கி வந்தால் பிரேக் கட்டையைக் கழற்றி, அதில் பதிந்திருக்கும் மண்ணையும் அலுமினியத் துணுக்கையும் ஊசியால் எடுத்துவிடுங்கள். ரிம் பக்கவாட்டிலிருக்கும் தேய்மானக் குழி மறைந்துவிட்டால் ரிம்முக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

பழைய 1,950 கிராம் ஜோடியை விற்றுவிடாதீர்கள். மழை மாதங்களுக்கு அதுவே போதும். மாற்றி மாட்டும்போது ரிம் அகலம் வேறுபடும்; கேபிள் திருகில் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, தெருவிலேயே இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.