அந்தத் திண்ணையில் யாருக்கு இடம் இருந்தது?

அன்புள்ள தம்பிக்கு,

தேர்தலுக்கு முந்தின ராத்திரி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. வாக்குச்சாவடி பக்கத்து ஊருக்கு மாறிவிட்டதாம். நானும் நம்பி நாலைந்து பேருக்கு அனுப்பிவிட்டேன். விடிந்து பார்த்தால் அத்தனையும் பொய். வயதான இரண்டு பேர் வெயிலில் அலைந்துவிட்டு ஓட்டுப் போடாமலே வீடு திரும்பினார்கள். முன்பெல்லாம் எதுவானாலும் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். இணையம் வந்து ஜனநாயகத்தைக் கெடுத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியை,
தேவகோட்டை அருகில்

அன்புள்ள ஆச்சிக்கு,

திண்ணையிலிருந்தே தொடங்குகிறேன். அந்த நாலு பேர் யார்? எங்கள் வீட்டு முகப்பில் பஞ்சாயத்து நடக்கும்போது அப்பத்தா இரண்டாம் கட்டுக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊருக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கோ திண்ணை என்ன, தெருவே கிடையாது. மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் ஊராட்சித் தலைவர் பதவியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய 1996 முதல் 2006 வரை அந்த நாற்காலியில் ஒருவரையும் நிலைக்க விடவில்லை. அதற்கு வாட்ஸ்அப் தேவைப்படவில்லை, ஊர்க் கட்டுப்பாடே போதுமாயிருந்தது.

ஆனாலும் நீங்கள் சொல்லும் கேடு உண்மைதான். திண்ணையில் புரளி கிளப்பியவனை மறுநாள் வழியில் மறித்துக் கேட்கலாம். குரல் பதிவுக்கு முகம் ஏது? வதந்தியை நம்பி ஆட்களை அடித்தே கொன்ற பிறகு, 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் தடுத்தது. அன்றைக்கு ஒரு குழுவில் 256 பேர் இருக்கலாம். ஐந்தும் குழுவாக இருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். நல்ல தடுப்புதான்!

எங்கள் ஊரில் வேறு கூத்து. ஊரணிக்கு வரும் வரத்துக்காலை ஒருவர் சுவர் வைத்து அடைத்துவிட்டார். மூன்று மாதம் குழுவில் சண்டை. சத்தம் போட்டவர்களில் பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள், முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு மட்டும் வந்து வீட்டைத் திறந்து பூட்டிவிட்டுப் போகிறவர்கள். ஊரணித் தண்ணீரும் அவர்களுக்கு வேண்டாம், இங்கே ஓட்டும் இல்லை. எதை எடுத்தாலும் கடைசியில் சாதியில் போய் நின்றது.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் கூட்டிப் பெருக்கும் ஓர் அம்மாவின் மகள், கல்லூரியில் படிக்கிறவள், குழுவில் வாயே திறக்கவில்லை. அரசு இணையதளத்தில் புல எண்ணைப் போட்டு, எந்த நிலம் என்ன வகை, யார் பெயரில் என்று சொல்லும் அ-பதிவேட்டை எடுத்தாள். 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருந்தது. அச்செடுத்துக்கொண்டு போய் அக்டோபர் 2 கிராம சபையில் நீட்டினாள். அந்த ஒரு தாளுக்காகத் தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்திருக்கிறோம் என்பது உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். சுவர் இன்னும் நிற்கிறது, அது வேறு கதை. 'தாத்தா காலத்திலிருந்தே எங்க இடம்' என்ற பேச்சு மட்டும் அன்றோடு அடங்கியது.

2024 மார்ச்சிலும் இப்படி ஒரு காகிதம் இணையம் வழியே கைக்கு வந்தது. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த மறு மாதம், பத்திரம் வாங்கியவர்கள் யார், பணமாக்கிய கட்சிகள் எவை என்ற பட்டியல் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வந்தது. காரைக்குடியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தேன். எந்தத் திண்ணைக்கு அது வந்து சேர்ந்திருக்கும்? இணையத்தில் காகிதத்தைத் தேடிப் போகிறவருக்கு லாபம் இருக்கிறது, ஆச்சி. பேச்சை மட்டும் வாங்கி அடுத்தவருக்குத் தள்ளுகிறவரால்தான் நஷ்டம், அதுவும் பெரும்பாலும் ஊருக்கு.

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் குரல் பதிவை அனுப்பிய நாலைந்து பேருக்கும் அது பொய் என்று பிறகு சொன்னீர்களா? கடிதத்தில் அதைக் காணோமே.