முதல் கடைசல் லேத்: நீளத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: ஓய்வு நேரத்தில் மரக் கடைசல் பழக ஆசை. கிண்ணம், பேனா, பம்பரம் செய்ய எண்ணம். 1,000 மில்லிமீட்டர் நீள லேத் மலிவாகக் கிடைக்கிறது. அதில் பாதி நீளமே உள்ள மேசை லேத்துக்கு விலை கூடுதல். எதை வாங்குவது?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மேசை லேத்தையே வாங்குங்கள். நீளம் கட்டில் கால் கடைபவருக்குத்தான் தேவை. உங்களுக்கு 400 மில்லிமீட்டர் தாராளம். மலிவான நீள லேத்துகளில் அடிப்பகுதி பெரும்பாலும் மெல்லிய தகடு அல்லது குழாய். அது அதிரும், உளி துள்ளும், மரத்தில் அலையலையாகத் தடம் விழும். முழுக்க வார்ப்பிரும்பாக, 35 கிலோவுக்குக் குறையாமல் இருப்பதைத் தேடுங்கள்.

அடுத்து, குறைந்தபட்ச வேகத்தைக் கேளுங்கள். கிண்ணம் கடைய ஆசைப்படுபவருக்கு இதைவிட முக்கியமான எண் வேறில்லை. 6,000-ஐக் கட்டையின் விட்டத்தால், அங்குலக் கணக்கில், வகுத்தால் பாதுகாப்பான வேகம் கிடைக்கும். 10 அங்குலக் கட்டைக்கு நிமிடத்துக்கு 600 சுற்று. அதுவும் கட்டை உருண்டையான பிறகுதான். ஒரு பக்கம் கனத்த பச்சைக் கட்டையை 300, 400-இல் தொடங்க வேண்டும். உங்கள் மலிவு லேத் 800-க்குக் கீழே இறங்காவிட்டால் அந்தக் கட்டை பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு முகத்துக்கு வரும். எந்த லேத்தானாலும் கண்ணாடி போதாது, முழு முகக் கவசம் அணியுங்கள்.

வேகத்தைத் திருகி மாற்றும் லேத்திலும், மோட்டாரின் சுழற்சியைக் கப்பிகள் வழியே கடத்தும் பெல்ட்டை மறக்காதீர்கள். திருகியை மட்டும் குறைத்தால் பல மோட்டார்களில் இழுவை போய்விடும். உளி பட்டதும் நின்றுவிடும். பெரிய கட்டைக்குப் பெல்ட்டை மெதுவான கப்பிக்கு மாற்றுங்கள்.

கடையிலேயே ஒரு சோதனை. இரு முனைகளிலும் கூர்முள்ளைச் செருகி, பின்தலையை, அதாவது மோட்டாருக்கு எதிர்முனையில் நகரும் பகுதியைத் தள்ளி, முள்ளும் முள்ளும் தொடுமளவு நெருக்குங்கள். விலகி நின்றால் வேண்டாம், துளை போடும்போது கோணும். சுழல் தண்டின் மரை M33 × 3.5 (33 மில்லிமீட்டர் விட்டம், 3.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி) அல்லது 1 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரையா, கூம்பான உட்துளை மோர்ஸ் 2 என்ற பொது அளவா என்றும் பாருங்கள். அபூர்வ மரையானால் அதற்குச் சக் (கட்டையைக் கவ்விப் பிடிக்கும் தாடைப் பிடி) தேடி அலைய வேண்டியிருக்கும். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இணையத்தில் வரும் 110 வோல்ட் அமெரிக்க லேத் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

கையில் உள்ள பணம் முழுவதையும் லேத்திலேயே போட்டுவிடாதீர்கள். நான்கு தாடைச் சக், உளிகள், 8 அங்குலச் சாணை இயந்திரம் ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். மழுங்கிய உளியால் எந்த லேத்திலும் கடைய முடியாது.

கேள்வி: வெட்டிய ரம்புத்தான் மரத்தில் கடைந்த கிண்ணம் நான்கே நாளில் வெடித்துவிட்டது. ஏன்?
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: பச்சை மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது, மரத்தண்டின் நடுமையம் கிண்ணத்துக்குள் இருந்தால் வெடிப்பு அநேகமாக உறுதி. அதை அறுத்து நீக்குங்கள். பிறகு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனில், அதாவது 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலச் சுவர் விட்டு, கரடாகக் கடையுங்கள். மர நார் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரியும் இரு பக்கங்களிலும் மெழுகு பூசி, மின்விசிறிக் காற்று படாத இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்ற பிறகே மீண்டும் லேத்தில் ஏற்றுங்கள். அதற்குச் சில மாதங்கள் ஆகும்.