கல்லும் கணக்கும்: கேள்வி – பதில்

போன இதழில், 'வேல்ஸில் ஒரே குடும்பம் ஒரு மலையையே குவாரியாக வைத்திருந்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எந்த மலை, யார் குடும்பம்?
– வாசகி, நாமக்கல்

கூரை ஓட்டுக்கான சிலேட் கல் வெட்டும் பென்ரின் குவாரியைத்தான் சொன்னேன். வட வேல்ஸில் பெதஸ்தா என்கிற ஊரை ஒட்டி இருக்கிறது. நடத்தியது பென்னன்ட் குடும்பம். ரிச்சர்ட் பென்னன்ட்டுக்கு ஜமைக்காவில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன; வேலை செய்தவர்கள் அடிமைகள். 1765-இல் செய்த கல்யாணத்தின் வழியே பென்ரின் எஸ்டேட்டில் பாதி கைக்கு வந்தது. அப்போதெல்லாம் ஊர்க்காரர்களே சின்னச் சின்னக் குத்தகை எடுத்து ஆளுக்கொரு பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 1782-இல் பென்னன்ட் அந்தக் குத்தகைகளை எல்லாம் பணம் கொடுத்து வாங்கி மலை முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். அப்புறம் கரையில் ஒரு துறைமுகம். 1801-இல் குவாரியிலிருந்து அந்தத் துறைமுகத்துக்குக் குதிரை இழுக்கும் தண்டவாளப் பாதை. கல் வெட்டுவதைவிடக் கல்லை நகர்த்துவதில்தான் காசு கரையும் என்பது குவாரி வைத்த எவருக்கும் தெரியும். அந்த மனிதருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்த முதலீட்டில் ஜமைக்காப் பணமும் உண்டு என்பதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிற்பாடு அடிமை முறை ஒழிந்தபோது, 764 பேரை விடுவித்ததற்காக அந்தக் குடும்பத்துக்கு 14,683 பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது. விடுதலையான 764 பேருக்கும் காலணா கிடையாது.

அவ்வளவு பெரிய குவாரியை எப்படி நடத்தினார்கள்? எல்லோருக்கும் தினக்கூலியா?
– வாசகர், கரூர்

இல்லை, அங்கேதான் விஷயமே இருக்கிறது. மலையைப் படிக்கட்டுபோல, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 60 அடி உயரத்துக்கு, வெட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் படியின் முகப்பில் சில கெஜ அகலத்தை ஒரு குழுவிடம் விட்டுவிடுவார்கள். இதற்கு 'பார்கெய்ன்' என்று பேர். பாறையில் வேலை செய்ய இரண்டு பேர், கீழே கொட்டகையில் கல்லைப் பிளந்து ஓரம் வெட்ட ஓரிருவர், தொழில் பழக ஒரு பையன். மாதா மாதம் மேலாளர் வந்து அந்த இடத்துக்குக் கூலி விகிதம் பேசுவார். நல்ல பாறை என்றால் குறைவான விகிதம், உடைந்து நொறுங்கும் பாறை என்றால் கூடுதல். குழுவின் வருமானம் அந்தப் பேச்சில்தான் இருந்தது. கல்லைப் பற்றி மேலாளரைவிட அதிகம் தெரிந்தவன் எதிரே நின்று பேரம் பேசினான் என்பதைக் கவனியுங்கள். அவன் கூலியாளும் இல்லை, முழுக் காண்டிராக்டரும் இல்லை; இரண்டுக்கும் நடுவே ஒரு தினுசு.

பாறைக்காரர் தொடையில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு முகப்பில் தொங்கியபடி துளை போடுவார். வெடிக்குக் கருமருந்துதான், டைனமைட் வைத்தால் கல் சில்லுச் சில்லாகப் போய்விடும். சிலேட், களிமண் படிவம் மலை அழுத்தத்தில் இறுகி உண்டான கல். அந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் தாதுத் தகடுகள் ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. அந்தத் திசை பார்த்து அகலமான மெல்லிய உளியை வைத்துத் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். பாளத்தைப் பாதியாக, அந்தப் பாதியை மறுபடி பாதியாக என்று பிரித்துக்கொண்டே போவார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் நான் கிரானைட் குவாரியில் இருந்தபோது வயதான மேஸ்திரிகள் சம்மட்டியால் தட்டி, சத்தத்தை வைத்தே கல்லின் வாகு சொல்வார்கள். பெதஸ்தாக்காரர்கள் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள்தான் என்பேன்.

கூரை ஓட்டின் அளவுகளுக்குப் பேர் வைத்த அழகையும் சொல்ல வேண்டும். 24-க்கு 12 அங்குலம் 'டச்சஸ்', 20-க்கு 10 'கவுண்டஸ்', 16-க்கு 8 'லேடி'. சீமாட்டிகள் எல்லாரும் கூரை மேல்! ஒரு டன் நல்ல சிலேட்டுக்குப் பத்து டன்னும் அதற்கு மேலும் கழிவு போகும். அங்கே சுற்றிலும் தெரியும் குன்றுகளில் பலவும் அந்தக் கழிவுதான்.

மூன்று வருடம் வேலைநிறுத்தம் நடந்த குவாரி இதுதானே? கூலி உயர்வுக்காகவா?
– வாசகர், சிவகாசி

இதுதான். 1900 நவம்பர் முதல் 1903 நவம்பர் வரை. சுமார் 2,800 பேர் வெளியேறினார்கள். கூலித் தகராறு என்று எழுதுவது அரைகுறை. பார்கெய்ன் முறையைக் கழித்துக்கட்டி, பெரிய காண்டிராக்டர்களிடம் பாறையை ஒப்படைக்க நிர்வாகம் பார்த்தது. குவாரிக்குள் சங்கச் சந்தா வசூலிக்கவும் தடை போட்டது. பேரம் பேசிய கைவினைஞனைத் தினக்கூலியாக்கும் முயற்சி அது என்பது என் கருத்து. அப்போதைய பென்ரின் பிரபு, அதாவது குவாரியை வைத்திருந்த பென்னன்ட் குடும்பத்தின் தலைவர், சங்கம் நடுவில் வந்து பேசுவதையே ஏற்காதவர்.

1901 ஜூனில் சுமார் 400 பேர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆளுக்கு ஒரு தங்க நாணயம் கொடுத்து வரவேற்றது நிர்வாகம். அதற்குப் பதிலடியாக, திரும்பாதவர்களின் வீட்டு ஜன்னல்களில் 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று வேல்ஸ் மொழியில் அட்டைகள் முளைத்தன. ஊர்ப் பாடகர் குழுக்கள் இங்கிலாந்து முழுக்கப் பாடிப் பணம் திரட்டின. தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. கடைசியில் தொழிலாளர்கள் தோற்றார்கள். பிரபுவுக்கும் பெரிய ஜெயம் என்று சொல்ல முடியாது. சிலேட் வியாபாரம் பழைய உச்சத்தை மறுபடி எட்டவில்லை. வேலைக்குத் திரும்பியவர்கள், திரும்பாதவர்கள் என்ற இரு தரப்பாரின் பேரப்பிள்ளைகளும் வெகுகாலம் ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்பார்கள்.

இப்போதும் குவாரி நடக்கிறதா? போய்ப் பார்க்கலாமா?
– வாசகி, பெங்களூரு

நடக்கிறது. 1964-இல் குடும்பம் விற்றுவிட்டது. பல கை மாறி, 2018-இலிருந்து பிரீடன் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. டைமண்ட் ஒயர் (வைரத் துணுக்குகள் பதித்த கம்பி) போட்டு மலையை அறுக்கிறார்கள். ஓடு பிளப்பது மட்டும் இன்றைக்கும் பெரும்பாலும் கை உளிதான். வடமேற்கு வேல்ஸின் சிலேட் நிலப்பரப்பு 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. குவாரிப் பள்ளத்தின் மேலே கம்பியில் தொங்கிப் பறக்க விடுகிறார்கள். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் என்று விளம்பரம். எனக்கு இடுப்பு சரியில்லை, நீங்கள் போய்விட்டு எழுதுங்கள். அப்படியே பென்னன்ட் குடும்பம் வாழ்ந்த பென்ரின் கோட்டைக்கும் ஒரு எட்டு போங்கள். ஒரு டன் எடையில் சிலேட்டாலேயே செதுக்கிய கட்டில் அங்கே இருக்கிறது. மெத்தை போட்டாலும் அதில் தூக்கம் வருமா என்று தெரியவில்லை.