பெரிய மெஷினா, நல்ல கயிறா?

கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டு எழுதியிருக்கிறார். கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, லயங்களுக்கு மேலே சாய்ந்து நிற்கிற சவுக்கு, டர்பன்டைன் மரங்களைக் கொந்தரப்புக்கு வெட்டிக் கொடுக்கிறார். இடுப்பில் நைலோன் கயிற்றைச் சுற்றிக்கொண்டு தனியாகத்தான் ஏறுகிறார், கையில் 16 அங்குல செயின் சோ இருக்கிறது. சீட்டுக்காசு வரப்போகிறது, அதில் ஒரு பெரிய மெஷின் வாங்கினால் பெரிய மரங்களையும் எடுக்கலாமா என்று கேட்கிறார். "பாதிக்கு மேலே மொட்டையாக வெட்டிவிடு" என்று வீட்டுக்காரர்கள் சொல்கிறார்களே, அப்படியே செய்யலாமா என்பதும் அவருடைய கேள்வி.

தம்பி, பெரிய மெஷின் இப்போதைக்கு வேண்டாம். 16 அங்குல வாளை வைத்துக்கொண்டே இரண்டு பக்கமும் மாறி வெட்டினால் 24 அங்குல அடிமரத்தைச் சாய்க்கலாம், மரத்துக்கு மேலே அவ்வளவு பருமனான கிளை உங்களுக்கு அபூர்வமாகத்தான் வரும். மெஷின் போதவில்லை என்று தோன்றுவது பல நேரம் பல் மழுங்கியதால்தான். தூள் மாவு மாதிரி வந்தால் பல் போய்விட்டது, செதில் செதிலாக வந்தால் சரி. ஒவ்வொரு முறை பெற்றோல் ஊற்றும்போதும் சங்கிலிக்குப் பொருத்தமான அளவு வட்ட அரத்தால் ஒவ்வொரு பல்லையும் இரண்டு மூன்று தடவை ஒரே திசையில் தீட்டிவிடுங்கள். பெரிய மெஷினை மரத்தின் மேலே தூக்கிப் பிடித்தால் நாரியும் தோளும்தான் போகும், கை தளர்ந்த நேரத்தில் வாளின் நுனி மேல்பக்கம் ஏதாவது கிளையில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் திரும்பி வரும், அதைத் தடுக்க ஒரு கணம்கூட இருக்காது. மேலே இருக்கும்போது ஒற்றைக் கையால் வெட்டவே வெட்டாதீர்கள்.

சீட்டுக்காசை முதலில் கயிற்றில் போடுங்கள். இடுப்பில் சுற்றுகிற நைலோன் கயிறு விழுந்த ஆளைப் பிடிக்கிறபோது வயிற்றையும் விலாவையும் நெரித்துவிடும், அதுவும் முடிச்சு நழுவாமல் இருந்தால்தான். மரம் ஏறுவதற்கென்று செய்த, இரண்டு இடுப்பு எலும்புப் பக்கமும் வளையம் உள்ள, தொடையைத் தாங்குகிற ஹார்னஸ், அதாவது உடம்பில் மாட்டுகிற வார்க்கட்டு, தேவை. கட்டட வேலைக்கு விற்கிற, முதுகில் மட்டும் வளையம் உள்ள பெல்ட் விழுந்தால் பிடிக்குமே தவிர, அதில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. கயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் பருமனில், குறைந்தது 24 கிலோநியூட்டன் தாங்கும் என்று அதன் சீட்டில் எழுதியிருக்க வேண்டும், அதாவது சுமார் 2,400 கிலோ. இவ்வளவு எதற்கு என்று நினைக்காதீர்கள், முடிச்சுப் போட்டாலே கயிற்றின் பலம் நன்றாகக் குறையும், மழையும் வெயிலும் உராய்வும் மிச்சத்தைத் தின்னும். இதோடு மரத்தைச் சுற்றிப் போடுகிற குட்டைக் கயிறு ஒன்று, உள்ளே எஃகுக் கம்பி ஓடுகிறதாக. செயின் பட்டால் சாதாரணக் கயிறு நொடியில் அறுந்துவிடும், கம்பி உள்ளது கொஞ்சமாவது அவகாசம் தரும்.

மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் உடம்பு இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும், மேலே கவட்டில் போட்ட கயிறு ஒன்று, மரத்தைச் சுற்றிய குட்டைக் கயிறு ஒன்று. ஒன்றை அவிழ்த்து மாற்றும்போது மற்றது இருக்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்துக்கு நான் எதையும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஹெல்மட், நாடியில் வார் உள்ளதாக. காதுக்கு மூடி, ஏனென்றால் செயின் சோ சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காலுக்குச் செயின் சோ காற்சட்டை: அதற்குள் இருக்கிற நீள நார்கள் இழுபட்டுப் பல்சக்கரத்தில் சிக்கி மெஷினை நிறுத்திவிடும். நம் பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு செருப்போடு வெட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு பதறுகிறது.

கடையில் வாங்க முடியாத ஒன்றும் வேண்டும், கீழே நிற்க ஒரு ஆள். வெறும் கிளை இழுக்கிற ஆள் போதாது, உங்களை இறக்கத் தெரிந்த ஆள். ஹார்னஸில் மயங்கித் தொங்குகிறவரைச் சில நிமிடங்களில் இறக்காவிட்டால் இரத்தம் காலில் தேங்கி உயிருக்கு ஆபத்து. உங்கள் கயிற்றின் மறுநுனியை, கீழே நிற்கிறவர் அவிழ்த்துப் பதமாக விட்டு இறக்கக்கூடிய விதமாக மரத்தின் அடியில் கட்டிப் பழகுங்கள். வேலை தொடங்குமுன் பத்தடி உயரத்தில் ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும், ஆனால் மலைத் தோட்டத்து ரோட்டில் அது வந்து சேர நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

நம் மலையில் குளவியை மறந்துவிட்டு மரம் ஏறவே முடியாது. கொழுந்து எடுக்கிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற செய்தியைப் பார்க்கிறோம், அந்தக் கூடுகள் பெரும்பாலும் உயர்ந்த மரக்கிளைகளில்தான். மெஷின் சத்தமும் அதிர்வும் அவற்றைக் கிளப்பிவிடும். ஆகவே ஏறுமுன் மரத்தை நான்கு பக்கமும் சுற்றி வந்து பாருங்கள், உச்சியைப் போன் கமெராவில் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்து மரத்தையும் விட்டுவிடாதீர்கள். கூடு இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. மேலே இருக்கும்போது கிளம்பிவிட்டால் கையை வீசாமல் மெஷினை நிறுத்தி உடனே இறங்குங்கள், முகம் வீங்கினாலோ மூச்சு இறுக்கினாலோ காத்திருக்காதீர்கள்.

இனி மொட்டையடிக்கிற கதைக்கு வருவோம். தோட்டத்தில் நிழல் மரத்தை அப்படித்தானே வெட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். அது சின்ன வயதிலிருந்தே முறையாக வெட்டிப் பழக்கிய மரம், முருக்க மரமோ கிளிசரியாவோ தாங்கும். நாற்பது ஐம்பது வருஷம் தானாக உயர்ந்த சவுக்கின் தலையைப் பாதியில் சீவினால், அந்த அகன்ற வெட்டு மூடவே மூடாது, உள்ளே உளுக்கும். பக்கத்தில் கொத்தாக வருகிற புதுத் தளிர்கள் மரத்தின் வெளிப்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். சில வருஷத்தில் அவை பருத்து, மே மாதக் காற்றில் லயத்துத் தகரத்தின் மேலேயே முறியும். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு தடவையில் கால்வாசி இலைக்கு மேல் எடுக்காமல், நீண்ட கிளையை ஒரு நல்ல பக்கக்கிளை வரைக்கும் குறைத்துவிட்டால் காற்றின் பாரம் குறையும். அடியில் வேர் தூக்கியிருந்தாலோ, காளான் முளைத்திருந்தாலோ, மேல்பக்க மண்ணில் புது வெடிப்புத் தெரிந்தாலோ குறைப்பதில் பயனில்லை, மரத்தையே எடுக்க வேண்டும். வெடிப்பு உள்ள மரத்தில் நீங்கள் ஏற வேண்டாம். எடுத்தாலும் சரிவில் கட்டையைத் தோண்டாதீர்கள், வேர் மண்ணைப் பிடித்திருக்கட்டும்.

கிளை வெட்டுவது எப்போதும் மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழிருந்து கால்வாசி, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுதாக, கடைசியில் மிச்சக் கட்டையைக் கிளையின் அடியில் புடைத்திருக்கிற வளையத்துக்கு வெளியே. அந்த வளையத்தை வெட்டிவிட்டால் மரம் தன் காயத்தை அடைக்கிற இடமே போய்விடும். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து இதைக் காட்டினார், அதற்கு முன் பலரும் அடிமரத்தோடு ஒட்டித்தான் வெட்டினார்கள். தார், பெயின்ட் பூசுவதால் உளுப்பது நிற்காது. நிற்கப்போகிற மரத்தில் காலில் முள் இரும்பு கட்டி ஏறாதீர்கள், ஒவ்வொரு குத்தும் ஒரு காயம்.

விரல் விறைத்து வெளுக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் குளிரால் வருவதாக விட்டுவிட வேண்டாம், மெஷின் அதிர்வு விரல் நரம்பையும் இரத்தக்குழாயையும் கெடுக்கிறது, நம் காலைக் குளிர் அதைக் கூட்டுகிறது. கூர்மையான செயின், சூடான கையுறை, இடைவெளி விட்டு வேலை. புகைத்தால் விடுங்கள். டொக்டரிடம் செயின் சோ வேலை என்று சொல்லிக் காட்டுங்கள், இப்படியே தொடர்ந்தால் கெட்டது திரும்பச் சரியாகாது.

லயத்துக்குப் பக்கத்து மரம் தோட்டத்துக்குச் சொந்தம், குடியிருப்பவர் கேட்டாலும் ஒப்பீசில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு தொடுங்கள். பலா, ஈரப்பலா என்றால் கிராம சேவகரிடம் கேட்டுப் பிரதேச செயலகத்து அனுமதி எடுக்க வேண்டும். கரண்ட் கம்பி தொடுகிற கிளை என்றால் 1987க்கு அழைத்து மின்சாரக்காரர்களிடம் லைனை நிறுத்தச் சொல்லுங்கள், அவர்கள் நிறுத்திவிட்டோம் என்று சொல்லும்வரை கீழேயே நில்லுங்கள். விலை பேசும்போது கீழே நிற்கிற ஆளின் கூலியையும் முதலிலேயே சேர்த்துச் சொல்லுங்கள், அதைக் குறைக்கச் சொல்கிற வேலையை விட்டுவிடுங்கள்.